கடைச் சாவியும் கம்பியூட்டர் சாவியும்

எமது கடைகளில் ஒரு வேலையாள் விலகிப் போனால் நாம் முதலில் கேட்பது கடைச் சாவியைத்தான். கடையை இன்னொருவருக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப எடுத்தால் பூட்டையே மாற்றிவிடுகிறோம். இது யாரும் எமக்கு வகுப்பு வைத்துச் சொல்லித் தந்த பாடமல்ல. வாப்பாமார் காலத்திலிருந்து வரும் பழக்கம்.

ஆனால் கடையின் கணக்கு வழக்கு முழுவதையும் வைத்திருக்கும் கம்பியூட்டரை விற்கும்போது, அல்லது அதைக் கையாண்ட பிள்ளை வேலையை விட்டுப் போகும்போது, அதன் சாவியைத் திருப்பி வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? நான் வாங்கவில்லை. அதனால் நான் பட்ட பாட்டைச் சொன்னால் இன்னொரு சகோதரராவது தப்பிக்கொள்வார் என்பதற்காகவே இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

முகில் என்றால் என்ன?

பண்டாரவளைக்காரருக்கு முகில் புதிதல்ல. மழைக்காலத்துப் பின்னேரங்களில் அது கடை வாசலுக்கே வந்துவிடும். கம்பியூட்டர்காரர்கள் ‘கிளவுட்’ என்று சொல்லும் முகில் வேறு. எங்கோ ஓரிடத்தில் ஒரு பெரிய நிறுவனம் வைத்திருக்கும் கம்பியூட்டர்களில் எமக்கென்று ஒரு பெட்டி ஒதுக்கித் தருகிறார்கள். கூகுள் ட்ரைவ், மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் வன்ட்ரைவ், ட்ரொப்பொக்ஸ் எல்லாம் இந்த வகைதான். ஜிமெயில் முகவரி வைத்திருக்கும் எவருக்கும் கூகுள் 15 ஜீபீ இடத்தைச் சும்மா தருகிறது. சிறு கடையொன்றின் கணக்குகளுக்கு அது தாராளம்.

இந்தப் பெட்டியை எமது கம்பியூட்டரில் உள்ள ஒரு ‘போல்டருடன்’ இணைத்துவிடலாம். கடையில் ஒரு பில்லை எழுதினால் அது பெட்டிக்கும் போகும். அதே கணக்கில் இணைந்திருக்கும் வீட்டுக் கம்பியூட்டருக்கும் போகும். இவ்வளவும் நல்லதுதான். எம்மவர்கள் பிழையாக விளங்கிக்கொள்ளும் இடம் இதற்கு அடுத்தது.

நாம் இதைக் கார்பன் தாள் என்று நினைக்கிறோம். பில் புத்தகத்தில் மேல் தாளைக் கிழித்து எறிந்தாலும் கார்பன் பிரதி அடியில் இருக்கும். முகில் அப்படியல்ல. அது நிலைக்கண்ணாடி. இணைந்திருக்கும் ஒரு கம்பியூட்டரில் எழுதினால் எல்லா இடத்திலும் எழுதப்படும். ஒன்றில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். அழித்தவர் முதலாளியா, வேலையாளா, கம்பியூட்டரை விலைக்கு வாங்கியவரா என்று அது கேட்காது.

மின்வெட்டுக் காலத்தில் நடந்தது

எனக்கு பண்டாரவளையில் ஒரு சிறிய புடவைக்கடை இருக்கிறது. வாடிக்கையாளர்களில் அரைவாசிக்கு மேல் பூனாகலை, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்ட மக்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கடனாக உடுப்பு எடுப்பார்கள். சம்பளம் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவார்கள். வாப்பாவின் காலத்தில் இதெல்லாம் சிவப்பு மட்டைக் கொப்பியில் இருந்தது. நான் கம்பியூட்டருக்கு மாற்றினேன். ஒவ்வொருவருடைய பெயர், தோட்டம், அடையாள அட்டை இலக்கம், கொடுக்க வேண்டிய பாக்கி எல்லாம் ஒரே போல்டரில் இருந்தன. சகோதரியின் மகன் அதை முகிலோடு இணைத்துத் தந்துவிட்டு வேலைக்காகக் கொழும்புக்குப் போய்விட்டார்.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். மார்ச் மாத இறுதியில் ஒரே நாளில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தது. மேசைக் கம்பியூட்டரை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்ய முடியாத நிலை. பாவித்த லப்டொப் ஒன்றை வாங்கினேன். அதிலும் அதே கணக்கைத் திறந்தேன். கடன் பட்டியல் தானாக வந்து இறங்கியது. எனக்குப் பெரிய சந்தோஷம். “எல்லாம் முகிலில் இருக்கிறதே, பழையதை இனி ஏன் வைத்திருக்க வேண்டும்” என்று மேசைக் கம்பியூட்டரை ஹாலிஎலையைச் சேர்ந்த ஒருவருக்கு விற்றுவிட்டேன். பிள்ளையின் படிப்புக்கென்று வாங்கிப் போனார்.

அந்த வருடம் யாரிடமும் கடனைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. மாவும் அரிசியும் வாங்கவே வழியில்லாதவர்களிடம் சேலைக் காசை எப்படிக் கேட்பது? ஆறு மாதமாக அந்தப் பட்டியலைத் திறக்கவேயில்லை. ஒக்டோபரில் தீபாவளி முற்பணம் கிடைத்த கையோடு சிலர் பழைய பாக்கியைக் கட்ட வந்தார்கள். லப்டொப்பைத் திறந்தால் போல்டரைக் காணவில்லை. முகிலிலும் இல்லை. அழித்த கோப்புகள் விழும் குப்பைத் தொட்டியிலும் இல்லை. அழித்தவை 30 நாட்களுக்கு மட்டுமே அங்கே கிடக்குமாம். அந்த நாட்கள் எப்போதோ கடந்துவிட்டன.

மருமகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “மாமா, கம்பியூட்டரக் குடுக்க முந்தி அக்கவுண்டக் கழட்டினீங்களா?”

“எதக் கழட்டுற?” என்று கேட்டேன். அதிலேயே விடை இருந்தது.

ஹாலிஎலைக்குப் போய் விசாரித்தேன். அந்த மனிதர் பதறிவிட்டார். “முதலாளி, பாடம் வைக்க இடம் இல்லைன்னு பையன் பழசெல்லாத்தையும் அழிச்சிட்டான்” என்றார். அவர் மீதோ பிள்ளை மீதோ பிழை சொல்ல முடியாது. தாங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருளைத் துப்புரவு செய்திருக்கிறார்கள். முகில் நிறுவனத்தின் மீதும் பிழையில்லை. பிழை முழுவதும் என்னுடையது. சாவியை என் கையாலேயே கொடுத்துவிட்டு, கதவு திறந்துவிட்டது என்று யாரிடம் போய் முறையிடுவது?

புறப்படும்போது அவர் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். அழிப்பதற்கு முன் அந்தப் பட்டியலை வீட்டில் திறந்து பார்த்திருக்கிறார்கள். அதில் அவருடைய மச்சானின் பெயரும் பாக்கியும் இருந்ததாம். காசு நட்டத்தை விட அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. ஒருவர் எமது கடையில் கடன்பட்டிருக்கிறார் என்பது அவருக்கும் எமக்கும் இடையிலான விடயம். அது எம்மிடம் உள்ள அமானிதம். அதை நான் பழைய இரும்போடு சேர்த்து விற்றிருக்கிறேன்.

பிறகு நடந்தது எனக்குப் பெரிய படிப்பினை. கடனாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தாமாக வந்து தமது கணக்கைச் சொன்னார்கள். பூனாகலைப் பக்கத்து அம்மா ஒருவர் 4,300 ரூபா என்றார். பின்னர் லாச்சியில் கிடைத்த துண்டுச் சீட்டில் 4,150 ரூபா என்றுதான் இருந்தது. மற்றவர்களின் பாக்கியை நான் கேட்கவில்லை. எவ்வளவு என்று தெரியாமல் எப்படிக் கேட்பது?

அழிப்பதற்கு முன் கழற்றுங்கள்

மருமகன் சொல்லித் தந்த ஒழுங்கை அப்படியே தருகிறேன். கம்பியூட்டரை விற்க, கொடுக்க, திருத்துவதற்கு விட முன்னர் இந்த வரிசையில் செய்யுங்கள். வரிசையை மாற்ற வேண்டாம்.

முதலாவது, எல்லாம் ஏறி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். எமது மலைநாட்டு இணைய வேகம் தெரிந்ததுதானே! கம்பியூட்டரில் எழுதியது முகிலுக்குப் போய்ச் சேராமல் பாதி வழியில் நிற்கலாம். அந்த நேரத்தில் இணைப்பைக் கழற்றினால், ஏறாமல் நின்றது வீணாகிவிடக் கூடும். இது கற்பனைப் பயமல்ல. 2023 நவம்பரில் கூகுள் ட்ரைவின் கம்பியூட்டர் செயலியில் ஒரு கோளாறு வந்து, உலகின் பல பாகங்களில் சிலருடைய மாதக்கணக்கான கோப்புகள் காணாமல் போயின. அப்போது கூகுள் நிறுவனம் பாவனையாளர்களிடம் கேட்டுக்கொண்டது என்ன தெரியுமா? செயலியில் ‘டிஸ்கனெக்ட் அக்கவுண்ட்’ என்பதை அழுத்தாதீர்கள், செயலியின் தரவுப் போல்டரை அழிக்கவோ நகர்த்தவோ வேண்டாம் என்பதைத்தான். முகிலுக்குப் போய்ச் சேராத கோப்புகள் அந்தக் கம்பியூட்டருக்குள்ளேயே தங்கியிருக்கலாம் என்பதே காரணம். மீட்டெடுக்கும் வசதியை டிசம்பரில் கொடுத்தார்கள். அவசரப்பட்டுக் கழற்றியவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கும்.

இரண்டாவது, முக்கியமான போல்டரை வெளியே எடுத்துச் செல்லக்கூடிய ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுங்கள்.

மூன்றாவது, இப்போது கழற்றுங்கள். கூகுள் ட்ரைவ் என்றால் செயலியின் அமைப்புகளுக்குள் ‘டிஸ்கனெக்ட் அக்கவுண்ட்’ இருக்கும். வன்ட்ரைவ் என்றால் ‘அன்லிங்க் திஸ் பீசீ’. ட்ரொப்பொக்ஸிலும் கணக்குப் பகுதியில் இதே போன்ற ஒன்று உண்டு. இதை அழுத்துவதால் முகிலில் உள்ளது எதுவும் அழியாது. அந்தக் கம்பியூட்டருக்கும் பெட்டிக்கும் இடையிலான கயிறு மட்டுமே அறும்.

இங்கே இரண்டு விதமாக நடக்கலாம் என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். கோப்புகள் முழுமையாகக் கம்பியூட்டரில் இறக்கப்பட்டிருந்தால், கழற்றிய பின்னரும் அவை அங்கேயே இருக்கும். இடத்தை மிச்சப்படுத்துவதற்காக முகிலில் மட்டும் வைத்து, பெயரை மாத்திரம் காட்டும் முறையும் உண்டு. அப்படியிருந்தால் கழற்றியதும் அவை கம்பியூட்டரிலிருந்து மறைந்துவிடும். பார்த்துப் பதறத் தேவையில்லை. முகிலில் பத்திரமாக இருக்கும்.

நான்காவது, கைத்தொலைபேசியிலோ புதிய கம்பியூட்டரிலோ அந்தக் கணக்கைத் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பெயரைப் பார்த்தால் போதாது. இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்தே பாருங்கள்.

ஐந்தாவதாகத்தான் அழிக்க வேண்டும். கழற்றிய பின்னரும் எமது கோப்புகள் அந்தக் கம்பியூட்டரில் இருக்கக் கூடும் என்று சொன்னேன் அல்லவா? விண்டோஸில் ‘ரீசெட் திஸ் பீசீ’ என்பதற்குள் போய் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பதைத் தெரிவுசெய்து, தரவுகளையும் துப்புரவு செய்யச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். சில மணித்தியாலங்கள் எடுக்கும். பரவாயில்லை.

ஏற்கனவே விற்றுவிட்டவர்கள் என்ன செய்வது? உங்கள் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், அந்தக் கணக்கு திறந்திருக்கும் கருவிகளின் பட்டியல் உண்டு. கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். தெரியாத கம்பியூட்டர், விற்ற கம்பியூட்டர் எதுவாக இருந்தாலும் அதில் ‘சைன் அவுட்’ கொடுத்துவிட்டு, கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். மற்ற நிறுவனங்களிலும் இப்படியொரு பட்டியல் இருக்கிறது. இதனால் கதவு பூட்டப்படும். ஆனால் ஏற்கனவே அங்கே இறங்கிவிட்ட பிரதிகள் அங்கேதான் இருக்கும். எனவேதான் முன்கூட்டியே செய்ய வேண்டும் என்கிறேன்.

பெட்டி யாருடைய பெயரில்?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று எமது கடைகளில் இருக்கிறது. கம்பியூட்டர் தெரிந்த பிள்ளை ஒருவரை வேலைக்கு எடுக்கிறோம். அவர் தனது சொந்த ஜிமெயிலில் முகில் கணக்கைத் திறந்து, கடைக் கணக்கை அதில் ஏற்றுகிறார். கெட்ட எண்ணம் எதுவுமில்லை. முதலாளிக்கு ஈமெயில் இல்லை, அவ்வளவுதான். இரண்டு வருடத்தில் அவர் கட்டாருக்குப் போகிறார். இப்போது எமது கடையின் பெட்டி அவருடைய பெயரில், அவருடைய சாவியோடு வெளிநாட்டில் இருக்கிறது. அவர் அந்தக் கணக்கை மறந்துவிட்டாலும் ஆபத்துத்தான். இரண்டு வருடங்கள் பாவிக்கப்படாத தனிப்பட்ட கணக்குகளை நீக்கும் நடைமுறையை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து கொண்டுவந்திருக்கிறது.

பங்கு வியாபாரத்தில் இது இன்னும் சிக்கல். சகோதரர்கள் பிரியும்போது ஸ்டொக்கைப் பிரிக்கிறோம், வேனைப் பிரிக்கிறோம், மேசை நாற்காலியையும் பிரிக்கிறோம். முகில் பெட்டியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பிரிந்து ஒரு வருடமான பின்னரும் ஒருவருடைய விலைப்பட்டியல் மற்றவருடைய கம்பியூட்டரில் வந்து இறங்கிக்கொண்டிருக்கும். சந்தேகமும் மனக்கசப்பும் வர இது போதாதா?

ஆகவே கடையின் பெயரில் தனியான ஈமெயில் ஒன்றைத் திறவுங்கள். கடவுச்சொல் முதலாளியிடமும் அவருடைய நம்பிக்கைக்குரிய குடும்பத்தவர் ஒருவரிடமும் இருக்கட்டும். வேலை செய்யும் பிள்ளைக்குத் தேவையான போல்டரை மாத்திரம் பகிர்ந்து கொடுங்கள். அவர் போகும் நாளில் கடைச் சாவியோடு இந்தச் சாவியையும் வாங்குங்கள். சந்தேகத்தால் அல்ல, அவருக்கும் அது நல்லது. பின்னர் ஏதாவது அழிந்தால் அவர் மீது பழி விழாது.

சட்டமும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எமது பாராளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. பிறருடைய பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் வைத்திருப்பவர் அவற்றைப் பாதுகாக்கும் பொறுப்புடையவர் என்பது அதன் அடிப்படை. கடன் பட்டியலை எமது சொத்து என்று மட்டும் நினைத்திருந்த காலம் போய்விட்டது.

இணைந்திருக்கும் பிரதி போதாது

“பெரிய நிறுவனத்திடம் இருக்கிறது, போதாதா?” என்று சிலர் கேட்கிறார்கள். எமது அரசாங்கத்துக்கே நடந்ததைப் பாருங்கள். 2023 ஓகஸ்டில் லங்கா அரசாங்க முகில் எனப்படும் அரச கிளவுட் மீது கப்பம் கோரும் சைபர் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரசாங்கத்தின் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவையை விரைவில் மீட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குப் பாதுகாப்புப் பிரதி இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போனது போனதுதான். அதற்குப் பிறகுதான், இணைப்பில் இல்லாத பிரதியை நாளாந்தம் எடுக்கும் ஏற்பாட்டைப் பற்றிப் பேசினார்கள்.

நாட்டுக்குப் பொருந்துவது கடைக்கும் பொருந்தும். எந்தக் கம்பியூட்டரோடும் இணையாத ஒரு பிரதி வேண்டும். நான் இப்போது ஞாயிற்றுக்கிழமை சந்தை வியாபாரம் முடிந்து கடையைப் பூட்டும்போது, ஹார்ட் டிஸ்கைச் செருகிப் பிரதி எடுத்து, கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். பத்து நிமிட வேலை.

கொப்பிக்கே திரும்புவோமா?

என் கதையைக் கேட்ட மூத்த வியாபாரி ஒருவர், “அதுக்குத்தான் தம்பி நான் இன்னும் கொப்பியில எழுதுறேன்” என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. கொப்பியை ஹாலிஎலையில் இருக்கும் பிள்ளை அழிக்க முடியாது. ஆனால் நாம் வாழ்வது ஊவாவில். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போனதைக் கண்டோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் மண்சரிவால் பட்ட வேதனை இன்னும் ஆறவில்லை. வெள்ளத்துக்கும் மண்ணுக்கும் நெருப்புக்கும் கொப்பி தாக்குப்பிடிக்காது. தூரத்தில் இருக்கும் ஒரு பிரதி எமக்கு அவசியம். எனவே முகில் வேண்டாம் என்பதல்ல என் கருத்து. அதன் சாவி யார் யார் கையில் இருக்கிறது என்று தெரியாமல் அதைப் பாவிக்க வேண்டாம் என்பதே.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்க வேண்டும் என்பது எமக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டிய விடயமல்ல. எழுதியதைப் பாதுகாப்பதும், உரியவர் அல்லாதவர் கண்ணில் படாமல் வைத்திருப்பதும் அதன் மறுபாதி. அந்த மறுபாதியில் நான் தவறிவிட்டேன்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகக் கடையைப் பூட்டும் முன்னர், கைத்தொலைபேசியை எடுத்து உங்கள் கடைக் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று அந்தப் பட்டியலை ஒருமுறை வாசியுங்கள். எப்போதோ விற்ற கம்பியூட்டர் ஒன்றின் பெயர் அதில் இருந்தால், திரும்பி வந்து கடையைத் திறக்கும் வரை காத்திருக்காதீர்கள். அந்த இடத்திலேயே கழற்றிவிடுங்கள்.